இன்னொருக்கா அழுங்கோ

"அன்ரி... இன்னொருக்கா அழுவீங்களோ?"

நிரோஜினி இதைத் தரையைப் பார்த்துத்தான் கேட்டாள். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்துவிட்டு பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் கடைத்தெருவில் ஒரு வீடியோக் கடையில் வேலை செய்பவள். இறந்த கணவனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஏன் பிள்ளை, இவ்வளவு நேரம் அழுதது காணாதோ?" என்றார் கலாவதி.

"பதியேல்லை அன்ரி."

கடை முதலாளி கரிகாலன் ஸ்தேன் என்ற புறநகரில் ஒரு கல்யாண வீட்டில் நின்றார். புது ரெக்கோர்டரைத் தோளில் மாட்டி இவளைத் தனியாக, உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு அனுப்பிவிட்டார். கமராவின் படத்தை அது பதியும். அதே நேரம் இணையக் கம்பி வழியாகக் கனடாவுக்கும் அனுப்பும். அங்கே மகன் றூபன் காத்திருந்தான். அகதிக் கோரிக்கை இன்னும் முடியாததால் அவனால் விமானம் ஏற முடியாது. தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவனுக்கு இதைவிட வேறு வழியில்லை. பதினொரு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள்.

ரெக்கோர்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் மேல் பூட்டியிருந்த சின்னத் திரை மட்டும் கறுப்பாக இருந்தது. அப்படியென்றால் கறுப்பைத்தான் பதிகிறது என்று முடிவெடுத்தாள். மலர்ச்சாலையின் அந்த நிலத்தடி அறையில் போனுக்கும் சிக்னல் இல்லை. யாரையும் கேட்க வழியில்லை.

கமராக் கம்பியை மாற்றினாள்.

"என்ரை தம்பி! தங்கமான தம்பி!" என்று, இறந்த மகாலிங்கத்தின் தமக்கை மார்பில் அடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். கலாவதியும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினார்.

திரை கறுப்பு.

"வெளிச்சம் காணாதாக்கும்," என்றார் தமக்கை. "பெட்டியை லைற் பக்கம் திருப்புங்கோடா!"

நான்கு பேர் பிடித்துத் திருப்பினார்கள். மாலையொன்று சரிந்து மகாலிங்கத்தின் மூக்கில் விழுந்தது. மலர்ச்சாலை ஊழியர் ழான்-லூக் ஓடிவந்து பிரெஞ்சில் கத்தினார். நிரோஜினி அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். கலாவதியிடமும் கேட்டாள். பதற்றத்தில் மகாலிங்கத்திடமும் கேட்டாள்.

கமராவையே மாற்றிப் பார்த்தாள். கறுப்பு. மணி பத்து ஐம்பது.

"அன்ரி, இதுதான் கடைசித் தரம்."

கலாவதி முகத்தை மூடினார். தோள்கள் குலுங்கின. தலைப்பு விலகியபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சின்னச் சிரிப்பு இல்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வாய்விட்ட சிரிப்பு.

"கலா! என்ன இது? சனம் பாக்குது!" என்றார் தமக்கை.

"ஏலாது மச்சாள். இந்த மனுசனுக்கு மூண்டாந்தரமும் அழ என்னட்டை ஒண்டும் இல்லை."

இன்னொரு புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். தமக்கை நிரோஜினியின் காதருகே குனிந்தார்.

"நல்ல காலம் பிள்ளை, உன்ரை மிசின் பழுது."

ழான்-லூக் மூடியைத் திருகத் தொடங்கினார். நிரோஜினி ஒவ்வொரு திருகாணியாக எண்ணினாள். ஒரு மகனுக்குத் தகப்பனின் முகத்தை இல்லாமல் செய்துவிட்டாள். கம்பிகளைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு படியேறித் தெருவுக்கு வந்தாள்.

போன் உடனே அடித்தது. றூபன்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஒண்டுமே வரேல்லை..."

"எல்லாம் வந்தது தங்கச்சி. துவக்கத்திலை இருந்து, சத்தத்தோடை."

நிரோஜினி பையைப் பார்த்தாள். கம்பி, கமரா என்று எல்லாவற்றையும் சோதித்தவள் அந்தச் சின்னத் திரையை மட்டும் சோதிக்கவில்லை. பழுது அதில்தான். மாலை விழுந்தது கனடாவுக்குப் போயிருக்கிறது. சிரிப்பும் போயிருக்கிறது.

"அண்ணை... அம்மா, களைப்பிலை... அந்த இடத்தை நான் வெட்டிவிடுறன்."



"வெட்டிறதெண்டா அப்பாவை வெட்டுங்கோ," என்றான் றூபன். "அம்மா சிரிச்சு நான் பாத்தது இண்டைக்குத்தான்."