கயிறு அறுக்காத வண்டி

சிங்காநல்லூர்,
ஆடி மாதம், புதன்கிழமை காலை.

செல்வச் சிரஞ்சீவி மாப்பிள்ளை உதய் அவர்களுக்கு, மாமனார் அழகிரிசாமி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இந்த வீட்டில் இப்போது நலமாக இருப்பது முருங்கை மரத்து அணில் ஒன்றுதான். அது உங்களைக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, ஆகவே பேனாவை எடுத்தேன். மகள் சாய்ப்ரியா வரும் வெள்ளிக்கிழமை விவாகரத்துக்கு வக்கீலைப் பார்க்கப் போகிறாள். பகல் முழுக்க உங்கள் போன் அணைந்திருந்தது, ஆர்.எஸ்.புரம் ஆபீசுக்குக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் நீங்கள் வாயைத் திறக்கவில்லை, ஆகவே உங்களுக்கு வேறு யாரோ இருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். நீங்களும் நாலு மாதம் முன்பு அவளைக் கொண்டுவந்து விட்டு, கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளையும் வாசலில் நிறுத்தி, “இதுவும் உங்களுதுதானுங்க மாமா, வெச்சுக்கங்க” என்று சொல்லிப் பஸ் ஏறிப் போனீர்கள். அந்த வண்டியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கோபப்படக் கூடாது. பிரித்துவிட்டேன்.

பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் தரம் பார்த்தவன் நான். பொட்டு அளவு துரு தெரிந்தாலும் சாக்பீசால் குறுக்கே கோடு போட்டுத் தூக்கி எறிந்தவன். ரிட்டயர்டு ஆனபின் கோடு போட ஒன்றும் இல்லாமல், உங்கள் அத்தை வரலட்சுமி வார்க்கிற தோசையில் குற்றம் கண்டுபிடித்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ரேட் பைக் என்று பெயர். எலி வண்டி. காயலான் கடையில் கிடைத்ததை எல்லாம் ஒன்றாகக் கோத்து ஓட்டுவது. துருவைத் துடைக்கக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது, பார்க்கிறவன் முகம் சுளிக்க வேண்டும், ஆனால் வண்டி ஓட வேண்டும். ஆயுசு பூராவும் நான் தூக்கி எறிந்ததெல்லாம் சேர்ந்து என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. “ஊருல ரிட்டயர்டு ஆனவங்க கோயிலு கொளம்னு போறாங்க, இவரு துருப்புடிக்கப் போறாரு” என்றாள் உங்கள் அத்தை. அவளுக்குக் கலை ரசனை கிடையாது.

உங்கள் வண்டியின் எஞ்சினையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு, மற்றதை உக்கடத்தில் கலீல் ரஹ்மான் கடையில் பொறுக்கினேன். ஒரு பெட்ரோல் டேங்க், ஒரு ஹேண்டில்பார். இரண்டிலும் பழைய சொந்தக்காரர்கள் கண்ணேறு படாமல் இருக்கக் கட்டிய கறுப்புக் கயிறு அப்படியே இருந்தது. வண்டியைக் கைமாற்றிக் கொடுக்கிறவர்கள் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், உங்களுக்கும் தெரியும். கலீல் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். “அறுத்துப்போட்டு எடுத்துட்டுப் போங்கண்ணா. கயிறு இருந்தா பழைய ஆளு கையிலயே இருக்கறதா நெனச்சுக்கும்” என்றார். நான் கேட்டேனா? அழுக்குக் கயிறுதான் எலி வண்டிக்கு அழகே என்று அவருக்கே பாடம் நடத்திவிட்டு வந்தேன். புத்தி கெட்டவன், வேறென்ன சொல்ல.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு எடுத்தேன். வண்டி ஜம்மென்று போனது. இரண்டாவது சந்தில் ஒரு பச்சைக் கேட்டுக்கு முன்னால் தானாக நின்றது. பெட்ரோல் இருக்கிறது, பிளக்கும் சுத்தம், எத்தனை உதைத்தும் அசையவில்லை, நான் வேர்க்க விறுவிறுக்க நிற்கும்போது கதவைத் திறந்துகொண்டு உம்மல் குல்சும் என்கிற அம்மா கையில் தூக்குப்போசியோடு வந்து, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். யாருங்க என்றார். ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் என்றேன். எந்த ஸ்டேஷன் என்று பயந்தார். பம்ப்செட் என்றேன். அப்புறம்தான் அந்த டேங்கையும் தம் கையில் இருந்த போசியையும் மாறி மாறிப் பார்த்தார். “பால்காரரு போயி ரெண்டு வருசமாச்சுங்க. நான் எதுக்கு இதைத் தூக்கிட்டு வந்தேன்னு தெரியலீங்க” என்றார். அவர் உள்ளே போனதும் வண்டி ஒரே உதையில் கிளம்பி அடுத்த தெருவில் நின்றது. அன்று மட்டும் பதினோரு வீடு. பதினோரு வீட்டிலும் கதவு திறந்தது, பதினோரு பாத்திரம் வெளியே வந்தது. கடைசி வீட்டில் போன வாரம் ஏன் தண்ணிப்பால் என்று என்னிடம் சண்டையே பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து டேங்க் கயிற்றை அறுத்தேன். பால் உபத்திரவம் நின்றது. மறுநாள் அவினாசி ரோடு தொட்டதும் ஹேண்டில் கிழக்கே திரும்பிக்கொண்டது. என் பலம் அத்தனையும் போட்டு இழுக்கிறேன், அது பாட்டுக்குப் போகிறது, கருமத்தம்பட்டி வரை என்னைக் கூட்டிக்கொண்டு போய், பெட்ரோல் தீர்ந்த பிறகும் ஒரு மைல் ஓடி, ஒரு டீக்கடையில் நின்றது. அங்கிருந்து கலீலுக்குப் போன் போட்டேன். ஹேண்டில் யாருடையது என்று கேட்டேன். வருஷம் தவறாமல் அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போகிற ஒருவருடையதாம். ஆடி பிறந்துவிட்டதல்லவா, அதுதான் கிளம்பியிருக்கும் என்றார். அவர் இப்போது எங்கே என்றேன். கயிற்றை அங்கேயே அறுத்துவிடுங்கள் என்றார் கலீல். டீக்கடைக்காரர் கத்தரிக்கோல் கொடுத்தார். அறுத்தபோது ஹேண்டில் என் கையில் ஒரு தரம் நடுங்கி அடங்கியது. அன்றைக்குப் பயந்தேன் மாப்பிள்ளை, பொய் சொல்ல மாட்டேன்.

பாக்கி இருந்தது ஒரு கயிறு. அது உங்கள் வண்டிச் சட்டத்தில், கல்யாணத்தன்று உங்கள் பெயரைச் சொல்லி வரலட்சுமி கட்டியது. அதை அறுக்க எனக்குக் கை வரவில்லை. மகள் உள்ளே அழுதுகொண்டிருக்கும்போது அதை எப்படி அறுப்பது?

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்தேன். அது ஆர்.எஸ்.புரம் பக்கமே போகவில்லை. எந்தப் பெண் வீட்டு வாசலில் போய் நிற்கப்போகிறதோ என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனேன். நேராகப் போத்தனூர் ரயில் நிலையத்துக்குப் போய், வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று அணைந்தது. உடனே டீ விற்கிற கோமளா என்கிற அம்மா சர்க்கரை போடாத டீயோடு ஓடி வந்தார். “வண்டிச் சத்தம் கேட்டுதுங்க, அந்தத் தம்பிதான்னு நெனச்சுப்போட்டேன்” என்றார். எந்தத் தம்பி என்று கேட்டேன். அவர் சொன்ன தம்பி நீங்கள்தான். வேலை போய் ஒரு வருஷமாம். வீட்டில் சொல்லவில்லையாம். தினமும் ஒன்பதரைக்கு வந்து, போனை அணைத்து வைத்துவிட்டு, நாலு இடத்துக்கு விண்ணப்பம் எழுதி, வீட்டில் கட்டிக் கொடுத்த டிபனை அந்தப் பெஞ்சிலேயே சாப்பிட்டு, ஆறு மணிக்குச் சட்டையை உதறிக்கொண்டு எழுந்து போவீர்களாம். நாலு மாதமாக டிபனும் இல்லை, வண்டியும் இல்லை, பஸ்ஸில் வருகிறீர்களாம். போனை மட்டும் இப்போது அணைப்பதில்லை, அழைப்பை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களாம். “பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க தம்பின்னேன். என்னை வேலைல இருக்கறவன்னு நெனச்சுக் கட்டுனவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கேக்குது” என்றார்.

அப்போது நீங்கள் வந்தீர்கள். அறுபது வயதுக்காரன் நான், வண்டியை மரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எடை பார்க்கிற மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்ததும் மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வண்டி ஹாரன் அடித்தது. ஹாரனுக்கு நான் இன்னும் ஒயரே கொடுக்கவில்லை. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்து கட்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் சட்டை மாட்டிக்கொண்டது. அதை விடுவிப்பதற்குள் தைரியம் போய்விட்டது, நீங்கள் விண்ணப்பம் எழுதக் குனிந்த நேரம் பார்த்து வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நான் முடிவு செய்துவிட்டேன். இதில் ஒரு எழுத்துக்கூட என் வாயால் சாய்ப்ரியாவுக்குத் தெரியாது. புருஷன் கஷ்டத்தைப் பெண்டாட்டி அவன் வாயால்தான் கேட்க வேண்டும், மாமனார் வாயால் அல்ல. வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே வந்து சொல்லுங்கள். வேலை போவது குற்றமா? முப்பத்தாறு வருஷத்தில் நல்ல பீஸ் எத்தனையோ என் சாக்பீஸ் பட்டு வெளியே போயிருக்கிறது. அந்த வண்டிக்கும் நேற்றோடு முடிவு கட்டினேன். பெட்ரோலை வடித்து, செயினைக் கழற்றி, தென்னை மரத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டேன். நாளைக்குக் கலீல் வந்து அள்ளிக்கொண்டு போவார். இனி அது ஓர் அடி நகராது.

நீங்கள் நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, நூறு வருஷம் இருக்க வேண்டும். அத்தையின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி.

இப்படிக்கு,
உங்கள் நலம் வேண்டும் மாமனார்,
அழகிரிசாமி.

பின்குறிப்பு: பசை தேடி உள்ளே போன நேரத்தில் சாய்ப்ரியா இதைப் படித்துவிட்டாள். டிபன் பாக்சில் எதையோ கட்டிக்கொண்டு வெளியே போனாள். சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். பூட்டு பூட்டினபடியே தென்னை மரத்தில் தொங்குகிறது, வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. அவளுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். செயின் இதோ மேசைமேல், இந்தக் காகிதத்துக்குப் பாரமாக இருக்கிறது. தபால் இனி எதற்கு, பக்கங்களைப் படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறாள் அத்தை. மணி ஒன்பதே முக்கால். பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் மாப்பிள்ளை, அவளுக்கு இடம் வேண்டும்.