யோசனை சொன்னால்தான் படம்

லிந்துலை ஸ்டூடியோக்காரரைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட மனிதர் இலங்கை மலையகத்திலேயே கிடையாது.

படம் பிரிண்ட் போடவென்று கம்ப்யூட்டர் வாங்கியவர், அதில் ஒரு வலைப்பூ தொடங்கினார். ஊர்க்காரர்கள் சொல்லும் நல்ல யோசனைகளைச் சேர்த்து, சொன்னவர் பெயரோடு போடுவார். அப்போதெல்லாம் போன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட் என்பதால், அவர் அதில் இருக்கும்வரை கடை போன் வேலை செய்யாது. கல்யாண ஆல்பம் கேட்பவர்கள் நேரில்தான் வந்து கத்த வேண்டும்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனால், ஸ்டூலில் உட்காரவைத்து, "ஏதாச்சும் ஒரு யோசனை சொல்லுங்க" என்பார். நாம் யோசிக்கும்போதே க்ளிக்! யோசனையைச் சொல்லாமல் படம் கைக்கு வராது. அதனால் எங்கள் ஊர் அடையாள அட்டைகளிலெல்லாம் ஒரே முகம்தான்: புருவம் மேலே, வாய் பாதி திறந்து. சோதனைச் சாவடியில் அட்டையைப் பார்த்ததுமே "லிந்துலையா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரிப்பார்களாம்.

நான் அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். படித்ததாக ஒரு ஈ காக்கா சொன்னதில்லை. அவருக்கோ தோஹாவிலிருந்தெல்லாம் "சூப்பர் அண்ணே" என்று பின்னூட்டம். எரியாதா?

ஒரு நாள் அதில் என் மனைவியின் பெயர்! மழை மாதத்தில் தீப்பெட்டியை அரிசி டின்னுக்குள் வைத்தால் நமுத்துப்போகாது என்று சொல்லியிருக்கிறாள். வெளிநாட்டிலிருந்த அவள் தம்பி போன் போட்டுப் பாராட்டினான்.

"நீங்களும் ஒன்னு சொல்லிப் பாருங்களேன்" என்றாள் என்னிடம். சொல்லிப் பார்ப்பதாமே!

மறுநாளே போய், தேவையில்லாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். என் யோசனை சாமானியமானதா? வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவர்களுக்கு பஸ்ஸில் ஜன்னல் சீட்டை ஒதுக்க வேண்டும். "அடடா!" என்று தலையாட்டினார். வாரங்கள் போயின. வரவில்லை. கினிகத்தேனை பேக்கரிக்காரருடையது வந்தது. எங்கள் வீட்டுப் பால்காரருடையதுகூட வந்தது. பொறுக்கமாட்டாமல் கடைக்குள் நுழைந்தேன்.

"என் யோசனை அவ்வளவு மட்டமாங்க?"

"ஐயோ, என்னங்க சார்! அத நான் போட்டுட்டா, அப்புறம் நீங்க பத்திரிகையில எப்படி எழுதுவீங்க? எழுதுவீங்கன்னுதானே வாரா வாரம் வாங்கி, மொதல்ல ஒங்க பக்கத்தையே பொரட்டுறேன். எப்பங்க எழுதப் போறீங்க?"

எனக்கும் ஒரு வாசகர் இருந்திருக்கிறார். அவரைப் பார்த்துத்தான் இத்தனை நாள் வெந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வலைப்பூவின் மேல் எனக்குள்ள பொறாமை இன்றும் போகவில்லை. ஆனால் எதை எழுதி முடித்தாலும், இது அவருக்குப் பிடிக்குமா என்றுதான் முதலில் நினைக்கிறேன்.