ஜப்பான் துரை மடியில் விழுந்த சாக்லேட்

பாத்திரம் கழுவுகிறவளுக்கு அதில் சமைத்த பண்டத்தையும் செய்யத் தெரியும் என்று பத்தொன்பது வயதில் நான் மனதார நம்பினேன். கேமரன் மலையில், எங்கள் தேயிலை எஸ்டேட்டின் துரை பங்களாவில் இரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்தவள் நான். கேக் செய்த சட்டி, புட்டிங் செய்த சட்டி, என்ன செய்தார்கள் என்று சட்டிக்கே தெரியாத சட்டி, எல்லாம் தேய்த்திருக்கிறேன். ஆகவே எங்கள் குடியிருப்பு லயத்தில் யார் என்ன பலகாரத்தைப் பற்றிப் பேசினாலும், “அது ரொம்ப சுலபம்” என்று ஆரம்பித்துவிடுவேன். (எங்கம்மா அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.)

துரையும் துரைசாணியும் சிங்கப்பூர் பக்கம் ஓடிப்போய் ஜப்பான்காரன் வந்தபிறகு பங்களாவும் போயிற்று, சட்டிகளும் போயின. என் பெருமை மட்டும் லயத்துக்குத் திரும்பி வந்தது. அதோடு இரண்டு டின்களும் வந்தன. துரை கிளம்பிய அன்று ஆளுக்கொன்று தூக்கினார்கள். கங்காணி கடிகாரத்தைத் தூக்கினார், சமையல்காரர் மெத்தையைத் தூக்கினார். நான் தூக்கியது ஒரு கொக்கோ டின், ஒரு கார்ன் பிளேக்ஸ் டின். இரண்டையும் கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றி ஒளித்து வைத்தேன். அம்மா ஒருநாள் கார்ன் பிளேக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, தச்சன் இழைப்பதில் வருகிற சீவல் என்று நினைத்து அடுப்பு பற்றவைக்க எடுத்துப் போனாள். நல்லவேளை, ஒரு பிடியோடு நிறுத்திவிட்டேன்.

ஜப்பான் காலத்து இரண்டாவது கிறிஸ்துமஸ் அது. அரிசி என்பது வாரம் ஒருமுறை கண்ணால் பார்க்கும் வஸ்து. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மதியம் கிழங்கு, சாயந்திரம் வேறு மாதிரி வெட்டிய கிழங்கு. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் கிராணியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எஸ்டேட் ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர், நல்ல மனுஷர், கவலைப்படுவதையே தனி உத்தியோகமாகச் செய்வார்.

அவர் சொன்னது இதுதான். பண்டிகை ஜெபத்தை இந்த வருஷம் ஸ்டோரில் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம்.) ஆனால் பங்களாவில் இப்போது குடியிருக்கிற அதிகாரி, எங்கள் வாயில் ஜப்பான் துரை, அவரும் வந்து உட்காருவார். சயாமில் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கிற புதுப் பட்டியல் அவர் மேஜையில் இருக்கிறது. எங்கள் எஸ்டேட்டிலிருந்து இந்தத் தடவை ஒரே ஒரு பெயர். சவரிமுத்து.

“எந்தச் சவரிமுத்து?” என்று கேட்டேன், எஸ்டேட்டில் ஒரே ஒரு சவரிமுத்துதான் என்று தெரிந்தும்.

சவரிமுத்து ஸ்டோரில் பாய்லர் அடுப்பு பார்க்கிறவர். தாயில்லை, தகப்பனில்லை, கல்யாணமும் ஆகவில்லை. கேட்க ஆளில்லாதவன் என்று பெயரைப் போட்டுவிட்டார்கள். முன்பு இரண்டு லோரியில் போனவர்களில் ஒருத்தர்கூட அதுவரை திரும்பவில்லை. அவருக்கும் எனக்கும் அப்போது ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் அவர் வந்தால் என் குடம் நிறைய வழக்கத்தைவிட நேரமாகும், அவ்வளவுதான்.

கிராணியாரின் யோசனை, ஜப்பான் துரைக்கு நல்லதாக ஏதாவது ஒரு இனிப்பு கொடுத்து, மனம் இளகியிருக்கிற நேரத்தில், அடுப்பு பார்க்க இவனை விட்டால் ஆளில்லை என்று கெஞ்சிப் பார்ப்பது. கேக் செய்ய மாவில்லை, முட்டையில்லை. கேக் சுடுகிற ஒரே ‘அவன்’ அடுப்பும் அந்த ஜப்பான் துரையின் பங்களாவுக்குள் இருக்கிறது. “நீ பங்களாவில் இருந்தவளாச்சே, அந்த அடுப்பில் வைக்காமல் செய்கிற மாதிரி ஏதாவது தெரியுமாம்மா?” என்று கேட்டார்.

அது ரொம்ப சுலபம் என்று சொன்னேன்.

முழுப் பொய்யும் இல்லை. துரைசாணி ஆஸ்திரேலியாக்காரி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொக்கோவை ஏதோ வெள்ளைக் கொழுப்பில் கரைத்து, கார்ன் பிளேக்ஸைப் போட்டுக் கிளறி, சிறுசிறு குவியலாக வைத்து ஆறவிடுவாள். கால் மணி நேர வேலை. அந்தக் கொழுப்பின் பெயர் தெரியாது. ஆனால் சட்டியில் ஒட்டியதைச் சுரண்டும்போது தேங்காய் வாசம் வந்தது எனக்கு நினைவிருந்தது. எங்கள் குளிரில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும், தலைக்குத் தேய்க்க வேண்டுமென்றால் அடுப்போரம் வைத்து உருக்க வேண்டும். இரண்டையும் முடிச்சுப் போட்டேன். என் மூளையை நினைத்து எனக்கே மெய்சிலிர்த்தது.

வீட்டில் இருந்த ஒரே தேங்காயெண்ணெய் அம்மாவின் தலைக்கு எண்ணெய். வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சியது. (துணியில் வடிகட்டினேன். வாசம் துணியில் நிற்கவில்லை, எண்ணெயிலேயே நின்றது.) சீனிக்கு வழியில்லை. தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பாயிடம் இரண்டு பொட்டலம் தேயிலைத் தூள் கொடுத்து, ஒரு உருண்டை மலாக்கா வெல்லம் வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டார். ஜப்பான் துரைக்குச் சாக்லேட் என்றேன். அவர் இன்னொரு அரை உருண்டையைச் சும்மாவே வைத்து, உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று துவா செய்கிறேன் என்றார்.

பண்டிகைக்கு முதல்நாள் மத்தியானம் வேலை ஆரம்பமாயிற்று. எண்ணெயை உருக்கி, வெல்லத்தைச் சீவிப் போட்டு, கொக்கோவைக் கொட்டிக் கலந்தேன். பளபளவென்று கறுப்பாக வந்தது. கார்ன் பிளேக்ஸைப் போட்டுப் புரட்டி, வாழையிலை விரித்த தட்டில் கரண்டி கரண்டியாக வைத்தேன். வெளியே கொண்டுபோய் வைத்த அரை மணியில் கல் மாதிரி இறுகிவிட்டது. கடித்தால் மொறுமொறு. அம்மாவுக்கு ஒன்று கொடுத்தேன். கண்ணை மூடி மென்றாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா என் தலைய நானே திங்கிற மாதிரி இருக்குடி” என்றாள்.

இனி இதை லயத்துப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். பண்டிகைக் காலையில் தட்டை ஸ்டோர் மாடிக்குக் கொண்டுபோனேன். கொழுந்தை வாட்டுவதற்காகச் சாக்குத் துணி அடுக்குகள் இருக்கிற மாடி அது. வாட்டிய கொழுந்தைக் கீழே தள்ள அங்கே தரையில் ஒரு சதுர ஓட்டையும், அதிலிருந்து ஒரு மரச் சரிவும் உண்டு. சரிவுக்குக் கீழே இருந்த மிஷினை ஜப்பான்காரர்கள் எப்போதோ கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். ஓட்டை வழியாகச் சில்லென்று காற்று மேலே வந்தது. சாக்லேட்டுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று தட்டை ஓட்டையின் விளிம்பிலேயே வைத்தேன். (என்ன ஒரு அறிவு!)

நான் கணக்கில் சேர்க்காதவர் சவரிமுத்து. ஜப்பான் துரைக்கு எங்கள் மலைக் குளிர் ஆகாது. அவருக்கு இதமாக இருக்கட்டும் என்று கிராணியார் பாய்லர் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அடுப்புச் சூட்டில்தான் வழக்கமாக மாடியில் கொழுந்து வாடும். தன் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்த ஒருவர் அன்றைக்கு எவ்வளவு அக்கறையாக விறகு போட்டிருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

துரைக்கு நாற்காலியை எங்கே போட்டார்கள்? ஸ்டோரிலேயே இடைஞ்சல் இல்லாத, வெதுவெதுப்பான இடத்தில். மிஷினைக் கழற்றிய இடத்தில். சரிவுக்கு நேர் கீழே.

ஜெபம் ஆரம்பமானது. உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மன்றாடினார். நாங்கள் பாடத் தொடங்கினோம். ஜப்பான் துரை தொப்பியைக் கழற்றி, பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் அவருடைய மொட்டைத் தலையில் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

அவருக்குத் தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மாடியில் வௌவால் குடியிருப்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது சொட்டு விழுந்தது. யாரும் வாயைத் திறந்து சொல்லத் துணியவில்லை; அதனால் எல்லோரும் இன்னும் சத்தமாகப் பாடினார்கள். கிராணியாரின் முகம் வேகாத கிழங்கு மாதிரி ஆனது. அது வௌவால் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

பேசாமல் இருந்திருந்தால் நாலு சொட்டோடு போயிருக்கும். நான்தான் சும்மா இருக்கப் பிறக்காதவளாயிற்றே. பின்பக்க ஏணியில் ஏறி மாடிக்கு ஓடினேன். மேலே அனல். தட்டு முழுவதும் குழம்பாகி, வாழையிலைமேல் கார்ன் பிளேக்ஸ் மிதந்துகொண்டிருந்தது. குனிந்து தட்டைத் தூக்கினேன். விளிம்பெல்லாம் எண்ணெய். கையிலிருந்து வழுக்கியது. சரிவில் அது இறங்கிப் போன சத்தம், சர்ர்ர் என்று, இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பாட்டு நின்றது.

ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். தட்டு ஜப்பான் துரையின் மடியில் குப்புறக் கிடந்தது. தோளில், மார்பில், பட்டியலில், வாளின் உறையில் எல்லாம் சாக்லேட். காதில் ஒரு கார்ன் பிளேக்ஸ் பூ மாதிரி செருகியிருந்தது. அவர் மெல்ல எழுந்து நின்று மலாயில் கேட்டார்:

“சியாப்பா புவாட்?”

யார் செய்தது என்று கேட்கிறார். நான் ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்திருந்தேன். அப்போது அடுப்புப் பக்கமிருந்து, மூஞ்சியெல்லாம் கரியோடு சவரிமுத்து நடந்து வந்தார். என்னை ஏணியில் ஏறும்போது பார்த்திருக்கிறார். துரைக்கு முன்னால் நின்று, “சாயா, துவான்” என்றார். நான்தான், ஐயா.

பளார் என்று ஒரு அறை விழுந்தது. நான் மேலே கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது துரை தான் அறைந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். நக்கினார். தோளில் ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். பிறகு மார்பிலிருந்து ஒன்று. ஸ்டோரில் அறுபது பேர் பார்த்திருக்க, அவர் தன் சட்டையைத் தானே நிதானமாகத் தின்று முடித்தார். காதில் இருந்ததைக் கிராணியார் சைகையால் காட்டிக் கொடுத்தார்.

மறுபடி அதையே கேட்டார், இந்தத் தடவை வேறு குரலில். இப்போது கேள்வி, இந்தப் பண்டத்தைச் செய்தது யார் என்று. சவரிமுத்து கன்னத்தைப் பிடித்தபடி மறுபடியும் அதையே சொன்னார். கெஞ்சுவதற்குத் தயார்செய்து வைத்திருந்த வசனம் முழுவதும் கிராணியாருக்கு மறந்துபோய்விட்டது. ஆனால் வாய் மட்டும் தானாக, இவன் எஸ்டேட்டிலேயே பெரிய சமையல்காரன் என்று சொல்லிவிட்டது. ஜப்பான் துரை பட்டியலை உதறி, பேனாவை எடுத்து ஒரு பெயரை அடித்தார். நாளைக் காலையில் பங்களா சமையலுக்கு வரச்சொல்லிவிட்டுப் போனார்.

புதுவருஷம் கழித்து வந்த லோரி எங்கள் எஸ்டேட்டில் யாரையும் ஏற்றாமல் போனது. வேறெங்கோ அந்த இடத்தை யாரை வைத்து நிரப்பினார்களோ, எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் நான் சிரிக்காமல் சொல்கிற இடம் இது ஒன்றுதான்.

சவரிமுத்துக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது. அன்று சாயந்திரம் குழாயடிக்கு வந்து, பண்டிகை வாழ்த்துகூடச் சொல்லாமல், “ஏ லூர்து, வெங்காயத்த எந்தப் பக்கத்துலேர்ந்து உரிக்கணும்?” என்று கேட்டார். மறுநாள் காய் நறுக்க ஒரு கையாள் என்று சொல்லி என்னையும் கூட்டிப்போனார். ஜப்பான்காரன் போகிற வரைக்கும், ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக, பங்களா அடுப்பங்கரையில் நான் சமைத்தேன். அவர் கரண்டியோடு முன்னால் நின்றார். உப்பு போதவில்லை என்று துரை சொன்னால் அவர் என்னைத் திட்டுவார். உள்ளே வந்து மன்னிப்பு கேட்பார். மன்னிப்பு கேட்டுக் கேட்டு அது கல்யாணத்தில் போய் நின்றது. கொக்கோ தீர்ந்தபிறகு சோளத்தை வறுத்து வெல்லத்தில் புரட்டிக் கொடுத்தேன். முன்பு மாதிரி இல்லையே என்றார் துரை. குளிர் சரியில்லை என்று எங்கள் பெரிய சமையல்காரர் கம்பீரமாகப் பதில் சொன்னார்.

இப்போது கொக்கோ எந்தக் கடையிலும் கிடைக்கிறது. எண்ணெயிலும் வெந்தயம் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான்தான் செய்கிறேன். என் பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘அப்பா சாக்லேட்’. தட்டு மேஜைக்கு வந்ததும் எல்லாரும் சேர்ந்து “சியாப்பா புவாட்?” என்று கத்த வேண்டும், அவர் எழுந்து நின்று, ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, “சாயா, துவான்” என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒருத்தரும் தொடக்கூடாது. மருமக்கள் வந்த முதல் வருஷம் அவர்தான் செய்கிறார் என்று நம்பி, செய்முறைகூட எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவரும் கூசாமல் எழுதிக் கொடுத்தார்.

ஒரே ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல். படுக்கையை விட்டு எழ முடியவில்லை, திறந்த கதவு வழியாக மேஜையைப் பார்த்தபடி கிடந்தேன். அவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே செய்தார். மேஜைக்கு வந்தது தார் மாதிரி இருந்தது. கரண்டி அதில் செருகியபடியே நின்றது. பெரிய மகன் ஒரு துண்டை வாயில் போட்டு, ரொம்ப நேரம் யோசித்து, மெதுவாகக் கேட்டான், “சியாப்பா புவாட்?”

அவர் எழுந்து நின்றார். கன்னத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு இன்னொரு கையை நீட்டி, படுத்திருந்த என்னைக் காட்டினார்.