இருட்டில் மட்டும் பேசிய துபாஷி

பம்பாயில் அந்நாளில் வாழ்ந்த அத்தனை லட்சம் பேரிலும் மிகக் குறைவாகப் பேசியவர் எங்கள் மாட்டுங்கா மெஸ்ஸிலிருந்த துபாஷிதான். சினிமாக் கொட்டகையில் விளக்கை அணைத்துவிட்டால், மிக அதிகமாகப் பேசியவரும் அவரே. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதத் துணிகிறேன்.

அவருக்கு ஏதோ ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை. மேலதிகாரி கேட்டால் தலையசைப்பார். கீழே இருப்பவர் கேட்டாலும் தலையசைப்பார். 1944 ஏப்ரலில் கப்பல்துறை வெடித்ததே, அன்று மாலை மெஸ்ஸில் இருபது பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஆளுக்கொரு சேதி, ஆளுக்கொரு வதந்தி. துபாஷி கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கி அவரைப் பார்த்தோம். ரசம் வேண்டும் என்று விரலால் காட்டினார்.

பெயர் வந்த கதை இது. மெஸ்ஸுக்கு மேல்மாடியில் ஒரு பாலக்காட்டுக் குடும்பம். வீட்டுக்காரர் ஞாயிறானால் பஜனைக்குப் போவார், மாமி மகள் விசாலத்தைக் கூட்டிக்கொண்டு மத்தியான ஆட்டத்துக்குப் போவாள். மாமிக்கு ஹிந்தி ஒரு அட்சரம் தெரியாது. ஒரு ஞாயிறு, படம் பாதி ஓடும்போது, "யாராவது இவன் என்ன சொல்றான்னு சொல்லுங்களேன், புண்ணியமாப் போகும்" என்று பொதுவாகக் கேட்டாள். பின்வரிசையில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. கணீரென்ற குரல். யாரென்று நானே திரும்பிப் பார்த்தேன். நம் ஆள்.

அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது; மொழிபெயர்த்துச் சொல்பவர் என்பதால் துபாஷி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் மாமியும் விசாலமும். விசாலத்துக்கு நேர் பின்னால் துபாஷி, அவர் பக்கத்தில் நான். ராஜாவுக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல், நாயகி அழுதால் இவரும் விம்முவார். பக்கத்து வரிசைப் பார்சிக் கிழவர் ஒருமுறை மானேஜரையே அழைத்து வந்துவிட்டார். மானேஜர் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் துபாஷிக்குக் குரல் போய்விட்டது. டார்ச் அணைந்ததும் வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பில் அவருக்கென்று சில நியதிகள் உண்டு. வில்லன் இரண்டு நிமிஷம் உறுமித் தீர்த்தால், "இவருக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்லை மாமி" என்று முடித்துவிடுவார். நாயகன் தோட்டத்தில் நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு உருகு உருகென்று உருகினால், "சௌக்கியமான்னு கேக்கறான்" என்பார். மாமி எங்களிடம் வியந்து சொல்வாள்: "வடக்கத்திக்காரா ரொம்ப மரியாதை தெரிஞ்சவா. எத்தனை தரம் சௌக்கியம் விசாரிக்கறா, பாருங்கோ."

காதல் வசனம் வந்தால் இவர் ஏன் குறுக்கினார் என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்தது. விசாலத்தின் முகத்தை அவர் முழுதாகப் பார்த்தது, நான் அறிய, மூன்று முறை. அவள் பின்னலை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படியில் அவள் இறங்கி வந்தால் இவர் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். தூண் ஒல்லி. இவர் ஒல்லியில்லை.

யுத்தம் முடிந்தபின் வந்த முதல் மழைக்காலத்தில் அந்தப் படம் வந்தது. படத்தின் பெயர் எழுதிய டைரித் தாள் மழையில் ஊறிப்போனதால் இங்கே அதைச் சொல்ல இயலவில்லை. கொட்டகை வாசலில் குடையை உதறிக்கொண்டே மாமி என்னிடம் சொன்னாள்: "விசாலத்துக்கு டில்லியில ஒரு வரன் வந்திருக்கு. செக்ரடேரியட் உத்யோகம். சரியா இல்லையான்னு கேட்டா, இந்தப் படத்தைப் பாத்துட்டு வந்து சொல்றேங்கறா. படத்துக்கும் வரனுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டா சிரிக்கறா."

துபாஷி சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

அமைதியான படம். கூச்சம் பிடித்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், எதிர்வீட்டுப் பெண்ணை நினைத்துக்கொண்டு ஜன்னலருகே நிற்கிறார். நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார். மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. இடைவேளையில் அவரை ஓரமாக இழுத்துப் போனேன்.

"ஓய், இன்னிக்குக் கேட்டுடும். இதை விட்டா அவ டில்லி."

"வெளிச்சத்துலயா?" என்றார்.

"இருட்டுலயே கேளும். உம்மை யார் வேண்டாம்னா?"

விளக்கு அணைந்தது. வாத்தியார் மறுபடி ஜன்னலுக்கு வந்தார். துபாஷி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்தப் பின்னலைப் பாத்துண்டே ரெண்டு வருஷம் போயிடுத்தேன்னு நினைக்கறான், மாமி."

"வாயே தொறக்கலையே அம்பி?"

"மனசுக்குள்ள, மாமி."

சற்றுப் பொறுத்து: "நமக்கு மெஸ் சாப்பாடுதான், ஆனா கல்யாணம்னு ஆனா ஒரு ரூம் பாத்துடலாம்னு நினைக்கறான்."

"வாத்தியாருக்கு ஏது மெஸ்? இப்பத்தான அவன் அம்மா சாதம் போட்டா?"

விசாலத்தின் தலை மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது. ஒரு காது பின்னால் திரும்பியிருந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சி. பெண் ஊரை விட்டுப் போகிறாள். கொட்டும் மழை, குதிரை வண்டி கிளம்பிவிட்டது. வாத்தியார் ஓடுகிறார், சேற்றில் விழுகிறார், எழுந்து வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு, படம் முழுக்கத் திறக்காத வாயைத் திறந்து இரண்டே வார்த்தை சொன்னார்: "மத் ஜாவ்."

"அப்பாடா, கடைசியில வாயைத் தொறந்தான்" என்றாள் மாமி. "என்ன சொன்னான் அம்பி?"

துபாஷி முன்னால் குனிந்தார். விசாலம் அசையவில்லை. எனக்கும் ஹிந்தி தெரியும், நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை. "அம்பி, என்ன சொன்னான்?" என்று மாமி மறுபடி கேட்டாள்.

"சௌக்கியமாப் போய்ட்டு வான்னு சொல்றான், மாமி."

விளக்கு போட்டுவிட்டார்கள்.

வெளியே மழை விடவில்லை. மாமிக்குச் சந்தேகம் தீரவில்லை. "ஏண்டி விசாலம், நீதான் ஹிந்திப் பரீட்சை ரெண்டு பாஸ் பண்ணியிருக்கியே. இத்தனை நாளா என்னைக் கேக்காதே, எனக்குச் சரியாப் புரியலைம்பே. இதாவது புரிஞ்சுதா? அவர் சரியாத்தான் சொன்னாரா?"

துபாஷி நின்ற இடத்தில் நின்றார். விசாலம் குடையை விரித்தாள். "சரியாத்தான் சொன்னார், அம்மா" என்றாள். குடை தெருவில் மற்றக் குடைகளோடு கலந்துவிட்டது.

ஆவணியில் கல்யாணம். துபாஷி பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினார். வைத்ததை அப்படியே விட்டு எழுந்தார்.

அந்தப் படம் கொட்டகையை விட்டுப் போகும் கடைசி ஞாயிறன்று, அவரே வந்து என் சட்டையை இழுத்தார். போனோம். அதே வரிசை, அதே இடம். மாமி வரவில்லை. விசாலத்தின் நாற்காலியில் ஒரு குஜராத்திச் சேட் நிறைந்து உட்கார்ந்திருந்தார். துபாஷி படம் முழுக்க வாய் திறக்கவில்லை. குதிரை வண்டி கிளம்பியது. வாத்தியார் விழுந்தார், எழுந்தார், சொன்னார்.

துபாஷி முன்னால் குனிந்து, "போகாதே" என்றார்.

சேட் திரும்பி, என்ன சொன்னாய் என்று கேட்டார். "க்யா போலா?"

"குச் நஹீ", ஒன்றுமில்லை, என்றார் துபாஷி.

மொழிபெயர்ப்பு என்று பார்த்தால், அவர் செய்ததிலேயே மூலத்துக்கு மிக நெருக்கமானது அது ஒன்றுதான். நாள், கிழமை, ஆட்ட நேரம் எல்லாம் போட்டு டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். அந்தத் தாள் நனையாமல் பார்த்துக்கொள்கிறேன்.