ஒரே பார்வையில் களை பிடிப்பவர்

பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறவர்கள் என்று ஓர் இனம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. தட்டிக்கூடப் பார்க்காமல் தர்பூசணி இனிப்பு என்பார்கள்; கர்ப்பிணி வாசற்படி தாண்டுவதற்குள் ஆண் குழந்தை என்பார்கள்; புகைப்படத்தைப் பார்த்தே மாப்பிள்ளை குடிகாரன் என்பார்கள். சொன்னது பொய்த்துப்போனால்? குற்றம் தர்பூசணியுடையது. இவர்களில் நன்றாக முற்றிய ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் மெக்சிகோவின் சால்கோ பள்ளத்தாக்குக்கு வர வேண்டும். அங்கே தோன் ருத்திலியோ இருக்கிறார்.

மற்ற ஊர்களில் இந்த இனத்தால் பெரிய சேதமில்லை. சால்கோவில் உண்டு. அங்கே மக்காச்சோளத்துக்குக் காட்டுப் பங்காளி ஒன்று இருக்கிறது. ஊரார் ஆசேசே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் அந்தச் செடி, வயலுக்குள்ளேயே, சோளத்துக்கு நடுவிலேயே, சோளம் மாதிரியே நிற்கும். அதே உயரம், அதே இலை, தண்டில் அதே சிவப்பு. பூத்த பிறகுதான் குட்டு உடையும்: சோளம் கதிர் பிடிக்கும், இதுவோ கல் மாதிரி நாலு விதையைக் காட்டிவிட்டுச் சிரிக்கும். அதுவரைக்கும் இரண்டையும் பிரித்துச் சொல்ல மனிதரால் ஆகாது. தோன் ருத்திலியோ மட்டும் ஜூன் மாதமே சொல்லிவிடுவார்.

ஒத்தில்யாவின் வயலுக்கு அவர் வந்ததும் ஜூனில்தான். அவளுக்குச் சந்தையில் பலகாரக் கடை. நீலச்சோள மாவுக்குள் பயறு மசியல் வைத்துத் தட்டிச் சுட்டுக் கொடுப்பாள். அந்த நீலச்சோளம் அவள் வயலில்தான் விளைகிறது. அது போனால் அடுத்த அறுவடை வரைக்கும் கடை கிடையாது. ஆனால் வந்திருப்பவர் அவள் மகனுக்கு ஞானத்தகப்பன், அந்த உறவில் அவளுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு அவள் கொமாத்ரே. ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தூக்கி நின்றவரை வேலிக்கு வெளியே நிறுத்த முடியுமா?

"பூக்கட்டுமே கொம்பாத்ரே, அப்புறம் பிடுங்கிக்கலாமே."

"பூத்தப்புறம் சொல்றதுக்கு நான் எதுக்கு? என் மாடு ரெய்னாவே சொல்லிருமே!"

"நீங்க பிடுங்குறது சோளம் மாதிரில்ல தெரியுது?"

"அதான் கொமாத்ரே அதோட திருட்டுத்தனம். சோளம் மாதிரி இருந்தா அது ஆசேசே."

"ஆசேசே மாதிரி இருந்தா?"

"பாவம், அது சோளம். விட்டுருங்க."

கூலி வாங்க மாட்டார். பிடுங்கியதை ரெய்னாவுக்குப் போட்டால் போதும். இலையுதிர்காலத்தில் ஊரார் வெட்டிப்போடும் ஆசேசேயையும் விதையோடு அதற்கே கொண்டுபோவார். அதற்குப் பிரதியாக வசந்தத்தில் வேண்டியவர்கள் வயலுக்கெல்லாம் ஒரு வண்டி எரு, இலவசம். புல்ஹென்சியோ ஒருவனுக்குத்தான் கிடையாது. தர்பூசணி விஷயத்தில் எதிர்த்துப் பேசியதற்காக அவனோடு ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தையில்லை.

செப்டம்பரில் பூத்தது. ஒத்தில்யாவின் வயலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றதில் முக்கால்வாசி ஆசேசே.

அறுவடை சமயத்தில்தான் மரிபெல் என்ற ஆராய்ச்சிப் பெண் வந்தாள். காட்டுச்சோளம் எங்கெங்கே வளர்கிறது என்று வரைபடம் போடுவது அவள் வேலை. கூப்பிடாமலே முன்னால் நின்றார் நம்மவர்.

"என்னைக் கேளும்மா. பால்சாஸ் ஆத்துப்பக்கம் வெக்கையான மலைச்சரிவுல வளரும். ஹலிஸ்கோ மலை உச்சியில ஒண்ணு, விதைக்காமலே வருஷா வருஷம் துளிர்க்கும். நிகரகுவாவுல கடலோரச் சேத்துல, முழங்கால் தண்ணியில நிக்கும். நான் போனதில்ல, போகணும்னு அவசியமுமில்ல."

அதெல்லாம் உண்மைதான். அதுதான் இவர்களிடம் உள்ள தொல்லை.

மூன்று நாள் அலைந்து, ஆசேசே இருக்கிற வயலுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்து, ஒத்தில்யாவின் வேலியோரம் மரிபெல் படத்தை விரித்தாள். தோன் ருத்திலியோவும் வந்து எட்டிப் பார்த்தார். ஊர் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தது. ஒரே ஒரு வயல் வெள்ளையாக இருந்தது.

"இது யாரோடது?"

"புல்ஹென்சியோவோடது," என்றாள் ஒத்தில்யா.

"அவர் மட்டும் என்ன செய்யுறார்?"

"ஒண்ணும் செய்யல. இவர்கிட்ட எரு வாங்குறதில்ல."

மரிபெல் மெதுவாகக் கேட்டாள்: "தோன் ருத்திலியோ, உங்க மாடு ஆசேசேயை விதையோடவா திங்குது?"

"பின்னே? விதையைப் பொறுக்கி எடுத்துட்டுத் திங்க அது என்ன ராணியம்மாவா?"

"அந்த விதை மாட்டு வயித்துல சாகாதுங்க. சாணியோட வந்து முளைக்கும்."

மூன்று பேரும் வயல் மூலையில் இருந்த எருக்குவியலைப் பார்த்தார்கள். தோன் ருத்திலியோ மட்டும் சட்டென்று பார்வையைத் திருப்பி, தூரத்தில் புகைந்துகொண்டிருந்த எரிமலையைக் காட்டினார்.

"பார்த்தவுடனே தெரியுது. அந்தச் சாம்பல்தான் காரணம்! மனசை விடாதீங்க கொமாத்ரே. வசந்தத்துல ரெண்டு வண்டி எருவா அனுப்புறேன்."

ஒத்தில்யா கையிலிருந்த கூடையைப் பார்த்தாள். தேறிய நீலக் கதிர் அவ்வளவுதான்; விதைக்கு மட்டும் காணும். இந்த வருஷம் கடை இல்லை. அதுவும் போய்விட்டால் அந்தச் சோளமே இல்லை.

"கொம்பாத்ரே, எனக்கு ஒரு உதவி செய்வீங்களா?"

"சொல்லுங்க, உயிரையே குடுப்பேன்."

"என்னோட சண்டை போடுங்க. புல்ஹென்சியோவோட போட்ட மாதிரி. ஏழு வருஷத்துக்கு."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "வெயில்ல நின்னது ஒத்துக்கல. முகத்தைப் பார்த்தாலே தெரியுது," என்றார்.

இதைப் படிக்கும்போதே, 'அட, இது நம்ம இன்னாரல்லவா!' என்று உங்களுக்கு ஒரு முகம் தெரிந்திருக்குமே? ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டீர்கள், பலே! அப்படியே எழுந்து போய், உங்கள் மாடு என்ன தின்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.