முதல் கூப்பிடுக்கே வந்த ஜமீன்

பூம்பாறை,
8-11-1961

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தண்டாயுதபாணி அவர்கள் சமூகத்துக்கு, மச்சான் நல்லுசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. குழந்தை வேலப்பர் புண்ணியத்தில் இங்கே நானும் என் வீட்டுக்காரி சின்னத்தாயியும் உடம்பு அளவில் சௌக்கியம். பழனியில் தாங்களும், என் தங்கை கண்மணியும், பிள்ளைகளும், அடிவாரத்து விபூதிக் கடையும், அந்தக் கடைக்கு வழி தெரியாமல் வந்து நிற்கிற யாத்திரைக்காரர்களும் சௌக்கியமாயிருக்க வேண்டுகிறேன். பெண் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக் கூடாது. பதினெட்டு வருஷமாக நான் உயர்த்தியதில்லை, இந்தக் கடிதத்திலும் உயர்த்தப் போவதில்லை. ஆனால் இங்கே நடந்த அத்தனைக்கும் நீங்கள்தான் காரணம் என்பதை மட்டும் மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

போன மாசி மாசம் பூண்டுத் தோட்டத்தில் பன்றி விரட்ட ஆகும் என்று ஒரு நாய்க்குட்டியைக் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பினீர்களே, அந்த விஷயமாகத்தான் எழுதுகிறேன். வந்த அன்றைக்கு அது கூடையை விட்டு இறங்கவில்லை. யாராவது வந்து தூக்கி இறக்கிவிட வேண்டும் என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சின்னத்தாயி தூக்கி இறக்கி, "சரியான ஜமீன்தாரா வந்து சேந்திருக்காரு" என்றாள். அன்றிலிருந்து ஜமீன் என்பதே பேராகிவிட்டது. சர்க்கார் ஜமீன்களை ஒழித்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது, என் வீட்டில் மட்டும் ஒன்று காலை நீட்டிப் படுத்துக் கெடக்கு என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன். எங்களுக்குப் பிள்ளையில்லை என்பது தாங்கள் அறிந்ததே. சின்னத்தாயி அதற்குச் சோறு வைத்துவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பாள். இதை நான் ஊருக்குள் சொல்வதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஆடி மாசம் தாங்கள் வந்திருந்தபோது அந்த நாயைக் கூப்பிட்டீர்கள். வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டீர்கள். தலையைத் தூக்கிப் பார்த்தது. உடனே தொடையில் தட்டிச் சிரித்து, "என்ன மச்சான், எங்க அடிவாரத்துல தெருநாய்கூட ஒரு கூப்பிடுக்கு ஓடிவருமே" என்றீர்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும் மாப்பிள்ளை. அதை அப்போதே சொன்னேன். மேல்மலையில் மேகம் இறங்கிவிட்டால் யார் நம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவை கூப்பிடும்வரை ஏன் என்று கேட்க மாட்டோம். மனுசனாக இருந்தால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான், மற்றது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். "மற்றதுன்னா எது?" என்று கேட்டு அதற்கும் சிரித்தீர்கள். அது எங்களுக்கு எப்படித் தெரியும், போய்ப் பார்த்தவர்கள் வந்து சொன்னால்தானே. இதே பழக்கத்தில் வீட்டுக்குள்ளும் எல்லாம் மூன்றாவது கூப்பிடுக்குத்தான் நடக்கும். சின்னத்தாயி மட்டும் பளீரென்று வெயிலடிக்கும்போதும் மூன்றாவதற்குத்தான் வருவாள், அது மேகத்துக்காக இல்லை, என் மேல் இருக்கிற மதிப்பு. எங்களைப் பார்த்து வளர்ந்த நாய் எங்களைப்போல்தானே இருக்கும்? ஆனால் தாங்கள் கேட்கவில்லை. "கார்த்திகைக்கு வருவேன். அதுக்குள்ள ஒரு கூப்பிடுக்கு வரலைன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவேன், மடத்துல காவலுக்கு நாய் கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டு லாரி ஏறினீர்கள். சின்னத்தாயி அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. மாப்பிள்ளை கொடுத்த நாயை மாப்பிள்ளை திருப்பிக் கேட்டால் இல்லையென்று சொல்ல எனக்கு வாயுண்டா?

ஆகவே தாங்கள் எழுதியனுப்பிய முறைப்படி பழக்க ஆரம்பித்தேன். காலையில் பட்டினி போடு, ஒரே ஒரு தடவை கூப்பிடு, வந்தால் கருவாடு கொடு, வராவிட்டால் வாயை மூடிக்கொள். வத்தலக்குண்டிலிருந்து ஒரு கட்டுக் கருவாடு தருவித்து, வெள்ளனே எழுந்து, வரப்பில் நின்றுகொண்டு, "ஜமீன், இந்தா!" என்பேன். அது பாத்தியின் அந்தக் கடைசியில் உட்கார்ந்து, ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பி, மீதியையும் சொல்லி முடி என்கிற மாதிரி காத்திருக்கும். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன். இப்படியே இரண்டு பேரும் பனியில் விறைத்துப்போய் நிற்போம். ஒரு வாரம் ஆகியும் நாய் வரவில்லை, பூனைகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு நாலு, பிறகு தெருவிலுள்ள அத்தனையும், "ஜமீன், இந்தா" என்று வாயெடுத்தால் வாலைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்து நிற்கும். பக்கத்து வீட்டு முருகம்மாள் வந்து, "அண்ணே, எங்க பூனைக்கு நீங்க ஜமீன்னு பேரு வச்சிட்டீகளாமே, பாலு ஊத்துற நான் கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டேங்குது" என்று சண்டை பிடித்தாள். கயிறு கட்டி, கூப்பிட்டவுடன் இழுத்துப் பழக்குங்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதினீர்கள். கட்டினேன். இழுத்தேன். பிறகு அது இழுத்தது. அன்றைக்குத்தான் நட்ட இரண்டு பாத்திப் பூண்டையும் என் மார்பாலேயே உழுது முடித்தேன். சின்னத்தாயி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "விட்டுருங்க, இது நம்ம வீட்டுப் பிள்ளை, நம்ம மாதிரித்தான் இருக்கும்" என்றாள். விட்டால் கார்த்திகைக்கு யார் பதில் சொல்வது என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அதற்காக இப்போது வருந்துகிறேன்.

ஐப்பசி முதல் தேதி காலை, "ஜமீன், இந்தா" என்றேன். எழுந்து வந்தது. ஒரே கூப்பிடு! மறுபடி கூப்பிட்டேன், வந்தது. உருளைக்கிழங்குக் காட்டின் அந்த எல்லையிலிருந்து கூப்பிட்டேன், காதெல்லாம் பின்னால் பறக்க வந்து காலடியில் நின்றது. சின்னத்தாயி அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, கண்ணில் மண் விழுந்திருந்தது. பெருமை தாங்காமல் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டேன். காட்டுக்கு எதிரே நின்று, மேகம் இறங்குகிற நேரத்திலும் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். நாய்க்குத்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேகம் இறங்கும்போதெல்லாம் ஜமீன் வாசலில் எழுந்து நின்று, கிழங்குக் காட்டுக்கு அப்பாலுள்ள சோலைக்காட்டைப் பார்க்கும். காதை ஒரு தடவை தூக்கும், கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை தூக்கும். பிறகு எதற்கோ காத்திருக்கும். வராது. பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ளும். வைகாசியிலிருந்தே இது நடக்கிறது. பன்றி வாடை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறேன், சோலைப் பக்கமிருந்து "ஜமீன்..." என்று கேட்டது. கொஞ்சம் கழித்து மறுபடி "ஜமீன்..." யாரடா அது என் நாயைக் கூப்பிடுகிறவன் என்று திரும்பினால், அடுப்படியிலிருந்து வெளியே வந்த சின்னத்தாயி என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, நீங்க இங்கயா இருக்கீக? அங்கனேருந்து கூப்பிட்டது நீங்க இல்லையா?" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அது என் குரல். போன மாசம் ஜலதோஷத்தில் கட்டிப்போன தொண்டை, அந்தக் கரகரப்போடு.

நான் பயப்படவில்லை. எதிரொலி என்று சின்னத்தாயியிடம் விளக்கினேன். "நீங்க இன்னிக்கி அந்தப் பக்கம் போய்க் கூப்பிடவே இல்லையே" என்றாள். மேகம் கெட்டியாக இருக்கிறது, நேற்றுக் கூப்பிட்டது இன்றைக்குத்தான் திரும்பி வருகிறது என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அது "ஜமீன், இந்தா" என்றது. அதற்கு மறுநாள், கருவாட்டை நீட்டும்போது நான் நாக்கைத் தட்டுவேனே, அதையும் தட்டியது. நாலு மணியானால் நாயைக் கட்டிப்போட ஆரம்பித்தோம். ஆனால் அது கட்டுக்கு அடங்கவில்லை, கூப்பிடக் கூப்பிட வராமல் இருப்பது தப்பு என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே, கழுத்து அறுந்துவிடும்போல் இழுத்தது. அவள் பொறுக்க மாட்டாமல் அவிழ்த்து வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துவாள்.

போன சனிக்கிழமை மத்தியானமே மேகம் இறங்கிவிட்டது. அவ்வளவு வெரசாக இறங்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து விதைப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், ஜமீன் என் காலில் தலை வைத்துப் படுத்திருந்தது. "ஜமீன், இந்தா" என்று கேட்டது. நாய் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது மாப்பிள்ளை. என் வாயைத்தான் பார்த்தது. மூடியிருந்தது. அதற்குக் குழப்பமாக இருந்திருக்க வேண்டும், வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு எழுந்து ஓடியது. "ஏலே, நில்லு!" என்று கத்தினேன். வா என்பதைத்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன், போகாதே என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஜமீன், இந்தா!" என்று நானும் கூப்பிட்டேன். கிழங்குக் காட்டின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தது. அங்கிருந்தும் "ஜமீன், இந்தா" என்றது. எனக்குப் பதற்றத்தில் குரல் உடைந்துவிட்டது, அங்கிருந்து வந்த குரல் நான் வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே நிதானமாக இருந்தது. ஜமீன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தது. ஓடவில்லை, வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்தது. மேகம் மூடிவிட்டது.

மூன்று நாளாகத் தேடுகிறோம். ஈர மண்ணில் அதன் கால் தடம் சோலை ஓரம்வரை நேராகப் போயிருக்கிறது. அங்கே நின்று உட்கார்ந்திருக்கிறது, வாலை ஆட்டிய இடத்தில் சருகு ஒதுங்கிக் கிடக்கிறது. அதற்குமேல் தடமில்லை. சிறுத்தைத் தடமில்லை, செந்நாய்த் தடமில்லை, ஒரு சொட்டு ரத்தமில்லை. சின்னத்தாயி என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வாசலில் வைக்கிறாள், எடுக்கிறாள், தன் தட்டில் கை வைப்பதில்லை. நேற்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அது மேகத்துக்குத் தப்பிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க. நாமதான் அதை மறக்கடிச்சிட்டோம்." நாமதான் என்று அவள் சொன்னது பெருந்தன்மை. நான்தான். என்னைத் தூண்டியது நீங்கள். இதைக் குரலை உயர்த்தாமல்தான் எழுதுகிறேன்.

ஆகையால் தாங்கள் கார்த்திகைக்கு இங்கே வந்து பரீட்சை வைக்கத் தேவையில்லை. தங்கள் சோலியைப் பார்த்துக்கொண்டு பழனியிலேயே இருங்கள். வேறு நாய் அனுப்ப வேண்டாம், பூனையும் வேண்டாம், அவை ஏற்கெனவே வருகின்றன. கண்மணிக்கு என் ஆசீர்வாதம், பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவன் மலைமேல் இருந்து உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் காக்கட்டும். கோபத்தில் ஏதும் தவறாக எழுதியிருந்தால் அது எழுத்தின் குற்றமே தவிர என் குற்றமில்லை.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
நல்லுசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடுங்கள். கடிதத்தை மடிக்கப் போகும்போதே வெளியே "மச்சான்!" என்று தங்கள் குரல் கேட்டுவிட்டது. கூடவே ஜமீன் குரைக்கிறது! கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிட்டீர்களே, நீங்கள் நூறு வருஷம் இருக்க வேண்டும் மாப்பிள்ளை. உங்களையா இவ்வளவு நேரம் திட்டினேன், வெட்கமாக இருக்கிறது. மண் சரிந்து நாலு நாளாக லாரி ஓடவில்லையே, எப்படித்தான் வந்தீர்களோ, காப்பி குடித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறேன். சின்னத்தாயி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு தடவைதான் கூப்பிட்டிருக்காரு, கொஞ்சம் பொறுங்க, பொறுங்க" என்று அழுகிறாள். வீட்டு மாப்பிள்ளையைக் குளிரில் நிறுத்திவைத்து எண்ணிக்கொண்டிருப்பது ஒரு மரியாதையா? கடிதத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், உள்ளே வந்ததும் நீங்களே படித்துச் சிரியுங்கள். இதோ, வந்துவிட்டேன் மாப்பிள்ளை.