வாப்பாவின் எடை நூற்று எண்பத்தாறு

அநியாயம் செய்யப்பட்டவர் என் உம்மா நபீஸா. செய்தவர் என் வாப்பா கபீர். செய்த அநியாயம் இது: உம்மா குளித்துவிட்டு வருவதற்குள் உம்மாவின் போனை எடுத்து, அதிலிருந்த ஒரு செயலியை அழித்து, தனக்குப் பிடித்த வேறொன்றை ஏற்றிவிட்டார்.

"இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து யாங்கோனில் எங்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டாம். அப்படிக் கேட்க அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

உம்மா இருபது வருஷமாக வார்டு நர்ஸ். நாற்பத்தைந்து வயதில், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்களுக்கான படிப்பில் இடம் கிடைத்தது. வகுப்பிலேயே மூத்த மாணவி. அவர்கள் ஸயாமா என்று கூப்பிடும் ஆசிரியை எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார். மருந்தளவு பார்க்க எந்தச் செயலியை நம்பலாம் என்று ஆளுக்கொன்றைச் சோதித்து, திங்கட்கிழமை வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நடுவில் உம்மா ஒரு தப்பு சொன்னால் போதும், படிப்பு முடியும்வரை "பாவம், வயசாயிடுச்சு" என்று பார்ப்பார்கள்.

மூன்று வாரம் தேடி உம்மா ஒன்றைப் பிடித்திருந்தார். பார்க்கச் சாம்பல் நிறம், துவைக்காத கைலி மாதிரி. ஆனால் நெட் இல்லாமல் ஓடும். ஒவ்வொரு மருந்துக்குக் கீழேயும் இந்த அளவு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, எப்போது திருத்தியது என்று போட்டிருக்கும். அதைத்தான் வாப்பா அழித்தார்.

நான் சட்டம் இரண்டாம் ஆண்டு. சும்மா இருப்பேனா?

"உம்மா போனை அவங்களைக் கேக்காமத் தொடலாமா வாப்பா?"

"பபேடான் பஜார்ல எனக்குப் போன் கடை. ஒரு நாளைக்கு நாப்பது போன் தொடுறேன். யாரைக் கேட்டேன்?"

"அது ரிப்பேருக்கு வந்த போன்!"

"இதுவும் ரிப்பேருதான். பாரு, இப்ப எப்படி இருக்கு? நீலக் கலர். இதயம் துடிக்குது. பொம்பளைக் குரல்ல பேசுது. நாலு புள்ளி ஒம்பது நட்சத்திரம்!"

"கரண்டு போய் நெட்டும் போனா இது ஓடுமா?"

"கரண்டு போனா ஆபரேஷனையும் நிறுத்திருவாங்க."

பாதி வயிற்றைத் திறந்து வைத்துவிட்டு, கரண்டு வரட்டும் என்று காத்திருப்பார்களாம்!

"மயக்க மருந்தைப் பத்தி உங்களுக்கு என்ன வாப்பா தெரியும்?"

"இருபத்து மூணு வருஷமா உங்கும்மா பக்கத்துல இருக்கேன். மயக்கத்தைப் பத்தி என்னையக் கேளு."

இந்த நேரத்தில் தலையில் துண்டோடு உம்மா வந்தார். நான் நடந்ததைப் புள்ளி விடாமல் ஒப்பித்தேன். இப்போது இடி இடிக்கும், மழை கொட்டும் என்று காத்திருந்தேன்.

"சரிங்க," என்றார் உம்மா.

சரியாமே! எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

"வகுப்புல ஒரு நோயாளியோட விவரத்தை ஆப்புல போட்டுக் காட்டணும்," என்றார் உம்மா. "நீங்களே நோயாளியா இருங்களேன். ஆப் சொல்றது உங்களுக்குச் சரின்னு பட்டா இதையே கொண்டு போறேன். தப்புன்னு நீங்களே சொன்னா என் பழசு திரும்பி வரணும்."

வாப்பா மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணாடி போட்டுக்குங்க. எழுத்தெல்லாம் பொடிசா இருக்கு."

"கண்ணாடி கிழவனுக்கு."

வயது ஐம்பத்திரண்டு என்று தட்டினார். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடை நூற்று எண்பத்தாறு. போன வாரம்தான் தெருமுனை மருந்துக் கடை மெஷினில் ஏறி இறங்கியிருந்தார்.

நீலம் சிவப்பானது. இதயம் துடிப்பதை நிறுத்தியது. அந்தப் பொம்பளைக் குரல் ஆங்கிலத்தில் மளமளவென்று ஏதோ சொன்னது.

"என்ன சொல்றா?"

நான் படித்துச் சொன்னேன். "மிகக் கடுமையான உடல் பருமன். மயக்கம் கொடுப்பது பேரபாயம். மல்லாந்து படுத்தாலே மூச்சுத் திணறலாம். மூத்த டாக்டரை உடனே கூப்பிடவும்."

படுத்திருந்தவர் மாதிரி வாப்பா சட்டென்று எழுந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

உம்மா போனை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "தப்பா சொல்லுதாங்க?"

வாப்பா என்னைப் பார்த்தார். செத்தாலும் சாவேன், மகள் முன்னால் தோற்க மாட்டேன் என்பது அந்தப் பார்வை.

"சரியாத்தான் சொல்லுது," என்றார்.

அது புதன்கிழமை. வியாழக்கிழமை காலை வாப்பா சூலே பகோடா வரைக்கும் நடந்துபோய்த் திரும்பினார். டீக்கடையில் பாலாடை மிதக்கும் லபெயே டீயும் பலாத்தா ரொட்டியும் இல்லாமல் விடியாத மனுஷன், வெந்நீர் குடித்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, பிரியாணி வாசம் வீசும் வீட்டில், அவித்த சுரைக்காய் முன்னால் உட்கார்ந்தார். தொழுகையில்கூட அந்த முகம் அவ்வளவு பக்தியாக இருந்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் சுரைக்காய் வைக்கவா?" என்று உம்மா கேட்டார். அவ்வளவு அன்பாக.

"போதும் நபீஸா. எனக்கு எதாச்சும் ஆயிட்டா கடைச் சாவி பீரோ மேல இருக்கு."

மல்லாந்து படுக்கப் பயந்து நாற்காலியிலேயே தூங்கினார். உம்மாவின் போன் மேஜையில் கிடந்தால், பாம்பைச் சுற்றிப் போவது போலச் சுற்றிப் போனார்.

சனிக்கிழமை எனக்கும் ஆசை வந்தது. அந்தச் செயலியில் என்னைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தடி இரண்டங்குலம், நூற்று நான்கு. நான் பக்கவாட்டில் திரும்பினால் கதவிடுக்கில் நுழைந்துவிடுவேன். அந்த என்னை அது கடுமையான உடல் பருமன் என்றது! இரண்டு நிமிஷம் என் இளமைக்காக அழுதேன். மூன்றாவது நிமிஷம்தான் எடைக் கட்டத்தின் ஓரத்தில் எறும்பு சைஸில் இருந்த வார்த்தை கண்ணில் பட்டது. கிலோ.

யாங்கோனில் யார் எடையைக் கிலோவில் சொல்கிறார்கள்? மருந்துக் கடை மெஷினே பவுண்டில்தான் காட்டும்!

அடுப்படிக்கு ஓடினேன். "உம்மா! வாப்பா போட்டது பவுண்டு! அது கிலோன்னு எடுத்துக்கிச்சு!"

"மெதுவா," என்றார் உம்மா, வெங்காயம் வதக்கிக்கொண்டே.

"உங்களுக்கு... தெரியுமா?"

"நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆளுங்க எல்லாம் பவுண்டுலதான் சொல்லுவாங்க. நாப்பது பவுண்டுப் பிள்ளையை இதுல போட்டா நாப்பது கிலோ ஆளுக்கான மருந்து காட்டும். ரெண்டு மடங்குக்கும் மேல. ஏத்தினா பிள்ளை எந்திரிக்குமா? அந்தப் பழசு, கிலோவா பவுண்டான்னு கேக்காம அடுத்த கட்டத்துக்கே விடாது. நான் மூணு வாரம் தேடினது அதுக்குத்தான்."

"இதை வாப்பாகிட்ட சொல்லலாமே!"

"நீ புதன்கிழமை எவ்வளவு சொன்னே. கேட்டாரா?"

உம்மா கையிலிருந்து கரண்டியை வாங்கி நானே வெங்காயத்தைக் கிளறினேன். அது என் வாழ்க்கையில் அடிக்கடி நடப்பதில்லை.

ஞாயிறு மதியம் எதிர்வீட்டு அப்துல் பாரி காக்கா வீட்டுக் கல்யாணச் சாப்பாடு வந்தது. ஒரு சட்டி நிறைய பிரியாணி. மூடியை உம்மா திறந்தார். திறந்தபடியே வைத்தார். வாப்பா சுரைக்காயைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார்.

"நபீஸா. அந்த ஆப் எனக்கென்னவோ..."

"என்னங்க?"

"தப்பா சொல்லுதோன்னு தோணுது."

"தோணுதா, தப்பா?"

"தப்பு!"

"ஸமீரா, கேட்டுக்கிட்டியா?"

"தப்பு, தப்பு, தப்பு! ஊருக்கே கேக்கட்டும்! உன் பழசையே போட்டுக்க. சட்டியை இப்படித் தள்ளு."

"பொறுங்க. பழசு என்ன சொல்லுதுன்னு பாத்துரலாம்."

உம்மா சாம்பல் நிறச் செயலியை மறுபடி ஏற்றினார். வாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு துஆ ஓதினார். உம்மா பவுண்டைத் தேர்ந்தெடுத்தார், நூற்று எண்பத்தாறைத் தட்டினார். திரையில் பெரிதாக வந்தது: எண்பத்து நான்கு கிலோ. கீழே சின்னதாக, கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று.

வாப்பா கண்ணைத் திறந்தார். எண்பத்து நான்கைப் பார்த்தார். நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"நாலு நாள்ல நூத்திரெண்டு குறைஞ்சிருக்கேன்! ஸமீரா, பார்த்தியா உன் வாப்பாவை! மனசு வச்சா..."

அன்றைக்கு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் நீதி என்று ஒன்று இருக்கிறது. பவுண்டு, கிலோ, எறும்பு சைஸ் எழுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வாப்பாவின் கை பிரியாணிச் சட்டிக்குள் பாதியில் நின்றது. மெதுவாக உம்மா பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க தட்டினப்பலேர்ந்து."

"நாலு நாள்! நாற்காலியில தூங்கினேன். சாவி எங்கன்னுகூட சொல்லிட்டேன். ஒரு வார்த்தை சொன்னியா? ஏன் சொல்லல?"

உம்மா அவர் தட்டில் ஒரு பெரிய கறித்துண்டை எடுத்து வைத்தார்.

"நாலு நாளா நீங்க என் போனைத் தொடவே இல்லைங்க. அந்த நிம்மதியில எனக்கு ரெண்டு பாடம் படிச்சு முடிஞ்சிருச்சு."